மனநோயோடு வாழும்போது பணத்தைக் கையாள்வது: சென்னைவாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

மனச்சிதைவு, பைபோலார், தீவிர மனச்சோர்வு என எது இருந்தாலும், வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் உங்கள் பணத்தை நீங்களே ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும். அடி விழுவது நோய் ஏறும் சில வாரங்களில்தான். அந்தச் சில வாரங்களில் வாங்கிய கடனை அடைக்க இரண்டு மூன்று வருஷம் ஆகிவிடும். அதனால் இங்கே சொல்பவற்றில் பெரும்பாலானவை, தூக்கமும் நிதானமும் சரியாக இருக்கும் காலத்தில் செய்து முடிக்க வேண்டிய வேலைகள்.

"கார்டையும் போனையும் கொடுத்துடு, நாங்க பாத்துக்கறோம்" என்று வீட்டார் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வதை நாங்கள் சரியான தீர்வாக நினைக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் தன் வரவு செலவைத் தானே நடத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது. அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். நடைமுறைக் காரணமும் உண்டு. கையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் ஆக்கப்பட்டவர் மறைத்துக் கடன் வாங்கத் தொடங்குகிறார். மறைத்து வாங்கிய கடனுக்கு வட்டியும் அதிகம், மிரட்டலும் அதிகம்.

படி 1: நோய் உங்கள் பணத்தை எந்தப் பக்கம் இழுக்கிறது?

வங்கி ஆப்பில் கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். யுபிஐ ஆப்பின் வரலாறும் வேண்டும், ஏனென்றால் யாருக்குப் பணம் போனது என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் மருத்துவமனை ஓபி சீட்டை வைத்துக்கொண்டு, மருந்து மாற்றிய தேதி, சேர்க்கை, வேலைக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றை ஸ்டேட்மென்ட்டின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். ஒரு மணி நேர வேலைதான். குறித்து முடித்ததும் ஒழுங்கு ஒன்று தெரியும்.

பைபோலாரில் மனம் அளவுக்கு மீறி வேகமெடுக்கும் கட்டமான மேனியாவில், செலவுக்கு முன்பே தூக்கம் குறையும். ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடந்த பரிவர்த்தனைகளைப் பாருங்கள்: ஒரே மாதிரி மூன்று போன், புதுத் தொழிலுக்கு அட்வான்ஸ், பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ எனும் ஊக வர்த்தகம், நண்பர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. மனச்சோர்வில் செலவு பெருகாது. செய்ய வேண்டியதைச் செய்யாததால்தான் நஷ்டம். பிரிக்காத கடிதம், திரும்பிப் போன இஎம்ஐ, அதற்கு அபராதம், அதற்கு ஜிஎஸ்டி, பார்க்காத ஓடிடிக்கு மாதாமாதம் பிடித்தம். மனச்சிதைவில் வேறு விதம்: வங்கி தன்னை வேவு பார்க்கிறது என்ற பயத்தில் மொத்தப் பணத்தையும் எடுத்து வீட்டில் வைப்பது, கணக்கையே மூடுவது, அல்லது அன்பாகப் பேசிய ஒருவருக்கு ஏடிஎம் பின்னைச் சொல்லிவிடுவது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பூட்டுப் போட்டால் தப்பான கதவில்தான் போடுவீர்கள். மனச்சோர்வு மட்டும் உள்ளவருக்குச் செலவு வரம்பு வைத்துப் பயனில்லை. பில்கள் தானாகக் கட்டப்பட வேண்டும். மேனியா வருபவருக்குப் பணம் வெளியே போகும் வேகம் குறைய வேண்டும்.

படி 2: ஒரு கணக்கை மூன்றாக்குங்கள்

முதல் கணக்கு வரவுக்கு. சம்பளமோ உதவித்தொகையோ இங்கே வரும். வாடகை, இஎம்ஐ, இன்சூரன்ஸ், மருந்து எல்லாம் இங்கிருந்தே போகும். சம்பளம் 1ஆம் தேதி வந்தால் பிடித்தங்களை 3 முதல் 5ஆம் தேதிக்குள் வையுங்கள். 20ஆம் தேதிக்கு வைத்த இஎம்ஐதான் பெரும்பாலும் பணமில்லாமல் திரும்புகிறது.

இரண்டாவது அன்றாடச் செலவுக்கு. டெபிட் கார்டும் யுபிஐயும் இந்தக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். முதல் கணக்கிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு தொகை தானாக வரும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வருவதைவிட வாராவாரம் வருவது நல்லது: மோசமான வாரம் ஒன்று வந்தால் அந்த வாரப் பணம்தான் போகும்.

மூன்றாவதைப் பூட்டுக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு இங்கே. நீங்களும் நம்பிக்கையான ஒருவரும் சேர்ந்து திறக்க வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற இயக்க முறையை விண்ணப்பத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது. கவுன்டரில் கேட்காமலேயே "யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் கூட்டுக் கணக்கு என்ற பெயர்தான் மிஞ்சும். நள்ளிரவில் ஒருவரே முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். இருவர் கையெழுத்து முறையில் பொதுவாக ஏடிஎம் கார்டும் யுபிஐயும் தரமாட்டார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே.

டெபிட் கார்டு வாங்காவிட்டால் யுபிஐ இணையாது என்று நினைக்கக் கூடாது. ஆதார் ஓடிபி வழியாகவும் யுபிஐ பின் போட முடியும். தனிப்பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு, அதே மொபைல் எண்ணில் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் இணைந்துவிடும். பிக்சட் டெபாசிட்டும் பூட்டு ஆகாது. ஆப்பில் நான்கு தட்டலில் உடைத்துவிடலாம். வைப்பு வேண்டுமென்றால் அஞ்சலகம் மேல்: அங்கே கால வைப்பை முதல் 6 மாதத்துக்கு எடுக்க முடியாது, மாத வருமானத் திட்டத்தை ஒரு வருஷத்துக்கு எடுக்க முடியாது. கிளைக்கு நேரில் போய்ப் படிவம் எழுத வேண்டியிருப்பதே ஒரு காப்பு.

கணக்கில் போட்டுப் பார்ப்போம். அயனாவரத்தில் தங்கி, கையில் 19,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர்:

வாடகை 7,000
மருந்தும் ரத்தப் பரிசோதனையும் 1,500
கரண்ட், கேஸ், போன் 1,300
சீட்டு 1,000
அன்றாடச் செலவு வாரம் 1,500 (மாதச் சராசரி 6,500)
பூட்டுக் கணக்கு 1,700

முதல் நான்கும் சேர்ந்து மாதம் 10,800. மூன்று மாதத்துக்கு 32,400 ரூபாய் பூட்டுக் கணக்கில் சேரும் வரை வேறு எந்தச் சேமிப்பும் வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்தாலும், சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாலும் வீடு கைவிட்டுப் போகாமல் காப்பது இந்தத் தொகைதான். மாதம் 1,700 போட்டால் 20 மாதத்தில் சேர்ந்துவிடும். சீட்டு போடுவதென்றால் பதிவு பெற்ற நிறுவனத்தில் போடுங்கள். தெருச் சீட்டில் முன்கூட்டியே ஏலம் எடுத்துவிட்டு நோய் ஏறினால், கட்டாத தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டாரிடம்.

இந்தப் பட்டியலில் மருந்துக்கான தொகையைக் குறைக்காதீர்கள். பைபோலாருக்குத் தரும் லித்தியம் எடுப்பவர்களுக்கு அதன் ரத்த அளவு, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள் தொடர்ந்து வரும். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் தொடங்கும்போது முதல் சில மாதம் வாராவாரம் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டியிருக்கும். செலவு தாங்கவில்லை என்று மருந்தை நிறுத்துவதுதான் கடைசியில் எல்லாவற்றையும்விட அதிகச் செலவாகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்றவற்றின் மனநலப் பிரிவுகளிலும் மருந்து இலவசம். தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்கள், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து பொதுப் பெயரில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஆனால் பிராண்டை மாற்றும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், லித்தியத்துக்கும், மனநிலையை நிலைப்படுத்தத் தரும் வலிப்பு மருந்து வகைகளுக்கும் கட்டாயமாக.

படி 3: கார்டு, யுபிஐ, போன்

வங்கி ஆப்பில் கார்டுப் பகுதிக்குப் போனால் ஏடிஎம், கடை, ஆன்லைன், வெளிநாடு, தொடாமல் செலுத்துவது ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கவும், வரம்பு வைக்கவும் முடியும். 2020 முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணையுங்கள். ஆன்லைனுக்கு நாள் வரம்பு 1,000 போதும். யுபிஐக்கும் பெரும்பாலான வங்கி ஆப்களில் நாள் வரம்பைக் குறைக்க முடியும்.

கிரெடிட் கார்டு கட்டாயம் வேண்டுமா என்று யோசியுங்கள். மேனியா வருபவருக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வைத்தே ஆக வேண்டுமென்றால் வரம்பை ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் வரம்பை உயர்த்த வங்கிக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்தச் சம்மதத்தை ஆப்பில் ஒரு பொத்தானாக வைத்துவிடுகிறார்கள். ஷாப்பிங் ஆப்களில் சேமித்த கார்டு விவரங்களை நீக்குங்கள். பங்கு வர்த்தக ஆப்பில் எஃப் அண்ட் ஓ பிரிவை முடக்கக் கோருங்கள். மறுபடி திறக்க வருமானச் சான்று கேட்பார்கள், அந்தத் தாமதம் நல்லது.

யுபிஐ சர்க்கிள் 2024இல் வந்தது. ஒருவரின் கணக்கிலிருந்து அவர் அனுமதித்த இன்னொருவர் தன் போனில் பணம் செலுத்தலாம். மாதம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 வரை விட்டுவிடலாம். அல்லது ஒவ்வொரு செலவுக்கும் முதலாமவர் தன் போனில் சரி சொன்னால்தான் பணம் போகும்படி வைக்கலாம். உடம்பு சரியில்லாத மாதத்தில் மட்டும் உங்கள் செலவுப் பணத்தை அக்காவின் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து சர்க்கிள் வழியாகச் செலவு செய்வது சிலருக்குப் பொருந்தும். ஒவ்வொரு டீக்கும் அனுமதி கேட்கும் முறையை மட்டும் வைக்காதீர்கள். நாலு நாளில் இரண்டு பேருக்கும் சண்டை வரும்.

மனச்சோர்வு பக்கம் இழுப்பவர்களுக்குச் சென்னையில் சில வசதிகள் உண்டு. மின் கட்டணத்துக்கு முன்பணம் கட்டி வைக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் பில் அதில் கழிந்துகொள்ளும். மாநகராட்சிச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும். இந்த இரண்டு தேதிகளிலேயே எல்லாக் கணக்குகளையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டாம்.

படி 4: ஒரு பக்க ஒப்பந்தம்

துணைக்கு ஒருவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள். உங்கள் சொத்தில் பங்கு எதிர்பார்ப்பவராகவோ, உங்களிடம் கடன் வாங்கியிருப்பவராகவோ இருக்கக் கூடாது. ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கூடப் படித்த நண்பர், அலுவலகத்தில் வேலை பார்த்த அக்கா என்று பலருக்கு நன்றாகவே அமைகிறது.

பிறகு எழுதுங்கள். பேச்சில் விட்டால் நோய் ஏறும்போது "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பதில் வந்து நிற்கும். எழுதும் விதம் இப்படி இருக்கலாம்:

"தொடர்ந்து இரண்டு ராத்திரி நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், அல்லது ஒரே நாளில் 3,000 ரூபாய்க்கு மேல் திட்டமில்லாமல் செலவு செய்தால், அக்கா என்னிடம் நேரில் கேட்கலாம். அப்போது நான் கிரெடிட் கார்டைக் கொடுத்துவிடுவேன். வாரப் பணம் 1,500 என்னிடமே இருக்கும். அடுத்த மூன்று நாளுக்குள் டாக்டரைப் பார்ப்போம். நகையை அடகு வைக்க மாட்டேன், யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட மாட்டேன். 5,000 ரூபாய்க்கு மேல் எதையும் வாங்கும் முன் இரண்டு முழு நாள் காத்திருப்பேன். அக்கா என் பின்னையோ பாஸ்வேர்டையோ கேட்கக் கூடாது, என் செலவைப் பற்றி மற்ற சொந்தக்காரர்களிடம் பேசக் கூடாது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு வாரத்துக்குள் கார்டைத் திருப்பித் தர வேண்டும்."

கடைசி மூன்று நிபந்தனைகளையும் விட்டுவிடாதீர்கள். திருப்பித் தரும் நாள் எழுதாத ஒப்பந்தத்தை அடுத்த தடவை யாரும் மதிக்கமாட்டார்கள். நீங்களும்தான்.

படி 5: எந்தப் பத்திரம் உதவும், எது உதவாது

பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் நோய் வந்தாலும் வேலை நடக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடக்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் அத்தோடு முடிந்துவிடும். வேண்டிய சமயத்தில்தான் அது இல்லாமல் போகிறது. அதைவிட ஆபத்து, பொதுப் பவரில் சொத்தை விற்கும் அதிகாரமும் சேர்ந்திருப்பது. தேவைப்பட்டால் வாடகை வசூலிப்பது, வரி கட்டுவது என்று குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் எழுதுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வரும் முன்கூட்டிய அறிவுறுத்தலும் (எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது), அதன்படி நியமிக்கும் பிரதிநிதியும் சிகிச்சைக்கு மட்டுமே. அந்தப் பிரதிநிதி உங்கள் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் பாதுகாவலர் முறை ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு உரியது. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு அது வராது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14ஆம் பிரிவில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்று ஒரு வழி இருக்கிறது: குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும், உங்களோடு கலந்து முடிவெடுப்பவர். சொத்து விற்பனை போன்ற பெரிய விஷயத்துக்கு மட்டும் இதை யோசிக்கலாம். அன்றாடப் பணத்துக்கு மேலே சொன்ன மூன்று கணக்கு ஏற்பாடே போதும்.

சொந்த வீடோ நிலமோ இருந்தால் மூலப் பத்திரத்தை வங்கி லாக்கரில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். குடும்பச் சொத்தில் உங்கள் பங்குக்கு "சும்மா ஒரு கையெழுத்து" என்று யாராவது கூட்டிப்போனால், அது பெரும்பாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும். மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று மாதத்துக்குள் எந்தச் சொத்துப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இலவசச் சட்ட உதவி பெற மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு, எண் 15100.

படி 6: உங்களுக்கு வர வேண்டிய பணம்

சம்பளம் 21,000 வரை இருந்தால் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு வரும். மாற்றுத்திறனாளிக்கு அந்த வரம்பு 25,000. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது ஓரளவு தெரிந்த செய்தி. அதிகம் தெரியாதது, நீட்டித்த நோய்ப் பலன். அதற்கான 34 நோய்களின் பட்டியலில் மனச்சிதைவு, பைபோலார் உள்ளிட்ட மனநோய்கள் இருக்கின்றன. இரண்டு வருஷத் தொடர் வேலையும் சந்தா நிபந்தனைகளும் பூர்த்தியாகியிருந்தால் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. இதற்கு இஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்று வேண்டும். தனியாரிடம் மட்டும் பார்த்துவிட்டு பின்னால் போய்க் கேட்டால் இழுபறிதான். அதனால் சிகிச்சை வெளியில் நடந்தாலும் கே.கே. நகர் அல்லது அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் ஒரு பதிவு இருக்கட்டும். ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள். மனச்சோர்வில் எழுதிய ராஜினாமா எத்தனையோ பேரின் இஎஸ்ஐ பலனைத் தொலைத்திருக்கிறது.

பிஎஃப் பணத்தில் நோய்க்காக முன்பணம் எடுக்கலாம். ஆனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மனநோய்க்கும் உண்டு. அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஐடியாஸ் என்ற அளவுகோலில் சுயபராமரிப்பு, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கில் மதிப்பெண் போடுவார். 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். இங்கே ஒரு சங்கடம் உண்டு: நல்ல சட்டை போட்டு, தெளிவாகப் பதில் சொல்லி, 30 சதவீதத்தோடு திரும்புகிறவர்கள் நிறைய. கடந்த இரண்டு வருஷத்தில் எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை, குளிக்கவும் சாப்பிடவும் யார் ஞாபகப்படுத்தினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, கூட இருப்பவரையும் அழைத்துப் போங்கள். மிகைப்படுத்த வேண்டாம், மோசமான மாதங்களையும் சேர்த்துச் சொன்னால் போதும். தற்காலிகச் சான்றிதழ் என்றால் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள்.

சான்றிதழ் இருந்தால், வருமான வரியில் (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80யு பிரிவு) 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இது உண்டு. உங்களைச் சார்ந்திருப்பவருக்கு மாற்றுத்திறன் என்றாலும் உங்களுக்கு இதே போன்ற கழிவு உண்டு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி). அரசு வேலையில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்டால், அதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ முடியாது என்று உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது.

மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஆனால் படுக்கைச் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருகின்றன. மாதாந்திர ஆலோசனைக்கும் மருந்துக்கும் இல்லை. மனநோய்க்கு மட்டும் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாலிசியில் தேடுங்கள். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை இருக்கலாம். ஏஜென்ட் "இதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்றால் அவரை மாற்றுங்கள். மறைத்து எடுத்த பாலிசி, க்ளெய்ம் வரும் அன்றைக்குத் தள்ளுபடி ஆகிறது.

படி 7: நோய் ஏறும்போது முதல் மூன்று நாள்

முதல் வேலை தூக்கமும் டாக்டரும். பணம் அதற்கு அடுத்தது. இரவு நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

பணப் பக்கத்தில்: ஆப்பில் கார்டைத் தற்காலிகமாக முடக்குங்கள், யுபிஐ வரம்பைக் குறையுங்கள், அன்றாடக் கணக்கில் வாரப் பணத்துக்கு மேல் இருந்தால் வரவுக் கணக்குக்கு மாற்றுங்கள். படி 4இல் தேர்ந்தெடுத்த துணை நபருக்கு ஒரு வரி செய்தி அனுப்புங்கள். முந்தின சில நாட்களில் வாங்கியவற்றின் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். ஆன்லைன் கடைகளில் திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் 7 அல்லது 10 நாள்தான்.

அந்தக் காலத்தில் எடுத்த ஆப் கடன் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி, கடன் எடுத்ததும் விலகிக்கொள்ள ஒரு குளிர்விப்புக் காலம் தர வேண்டும், குறைந்தது ஒரு நாள். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான விகித வட்டியையும் திருப்பிக் கொடுத்தால் முன்கூட்டியே அடைத்த அபராதம் கிடையாது. எத்தனை நாள் என்பது கடனோடு தரும் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். வாங்கிய பணம் கணக்கில் இன்னும் இருக்கும்போதே செய்தால், முழுக் கடனும் இல்லாமல் போய்விடும். கூட இருப்பவர்களுக்குச் சொல்வது: திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், இந்தக் கெடு காத்திருக்காது.

யாரோ ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். வங்கியிலும் புகார் பதிந்து எண் வாங்குங்கள். உங்கள் பக்கம் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை, வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பில்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் தலையில்தான். அதனால் வெட்கப்பட்டு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

படி 8: கடன் ஆகிவிட்டது, இப்போது?

மருந்து நிலைத்து, இரண்டு வாரமாவது தூக்கம் சரியான பிறகு உட்காருங்கள். அதற்கு முன் போட்ட எந்தத் திட்டமும் நிற்பதில்லை. ஒரு தாளில் கடன்களை எழுதுங்கள்: யாருக்கு, அசல் எவ்வளவு, வட்டி, அடுத்த தேதி, ஈடாக என்ன கொடுத்தீர்கள். ஈடு பற்றிய கடைசி விவரம் முக்கியம். நகை, வெற்றுச் செக், புரோநோட், ஆர்சி புக், எதைக் கொடுத்தாலும் எழுதுங்கள். நினைவில்லாத கடன்கள் வெளிவர, கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுங்கள். அடகு ரசீதுகளுக்குப் பீரோவையும் பேன்ட் பாக்கெட்டையும் தேடுங்கள், நிஜமாகவே அங்கேதான் இருக்கும்.

முதலில் வாடகை, மருந்து, கரண்ட். அடுத்து, போனால் திரும்பாதவை: ஏலத்துக்குப் போகும் நகை, செக் கொடுத்த கடன். செக் திரும்பினால் கிரிமினல் வழக்கு ஆகலாம். நகைக்கு வட்டியை மட்டும் கட்டிக் கெடுவை நீட்ட முடியுமா என்று கேளுங்கள். ஈடு இல்லாத ஆப் கடனும் கிரெடிட் கார்டும் எவ்வளவு சத்தம் போட்டாலும் இவற்றுக்குப் பின்னால்தான். அதிகம் மிரட்டுகிறவருக்கு முதலில் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

வங்கிக்கு எழுத்தில் போங்கள். சேர்க்கைத் தேதியும் டிஸ்சார்ஜ் தேதியும் உள்ள மருத்துவச் சான்று, இப்போதைய வருமானம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற ஒரே எண். இந்த மூன்றும் போதும், நோயின் முழுக் கதையும் வேண்டாம். தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்கக் கேளுங்கள். "செட்டில்மென்ட்" என்று ஒரு தொகை சொன்னால் சுலபமாகத் தோன்றும்; ஆனால் கடன் அறிக்கையில் அது செட்டில்டு என்றே நிற்கும், அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். அப்படியும் ஒத்துக்கொண்டால் பணம் கட்டும் முன் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ஒம்பட்ஸ்மேன் எனும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் புகார், கட்டணம் கிடையாது.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்தவும் கூடாது. அழைப்பு நேரத்தையும் எண்ணையும் குறித்து வைத்துப் புகாரோடு இணையுங்கள். தெருவில் மீட்டர் வட்டி, கந்து வட்டி என்றால் தமிழ்நாட்டில் 2003 முதலே தடைச் சட்டம் இருக்கிறது; காவல் நிலையத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே புகார் எழுதுங்கள்.

நோயின் உச்சத்தில் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று வாதிட முடியுமா? ஒப்பந்தச் சட்டம் 12ஆம் பிரிவு, கையெழுத்துப் போட்ட நேரத்தில் விஷயத்தைப் புரிந்து நிதானமாக முடிவெடுக்கும் நிலையில் இருந்தாரா என்றுதான் பார்க்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதே வாரத்தில் டாக்டர் எழுதிய குறிப்பு இருந்தால் வழக்குக்கு வலு உண்டு, ஆறு மாதம் கழித்து வாங்கிய சான்றுக்கு அவ்வளவு வலு இல்லை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டு அட்வான்ஸ், நிலம் என்று பெரிய தொகைக்கு இந்த வழியில் போகலாம். 12,000 ரூபாய் போனுக்குப் போனால் வக்கீல் செலவே மிஞ்சும்.

கடனை நினைத்து உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் தாளை மூடிவிட்டு 14416ஐ அழையுங்கள், துணை நபரையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கடன்காரருக்கு ஒரு மாதம் தாமதமாகப் பதில் சொன்னால் அபராத வட்டி கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

கட்டத் தொடங்கிய பிறகும் பூட்டுக் கணக்குக்கு மாதம் 200 ரூபாயாவது போய்க்கொண்டிருக்கட்டும். எல்லாப் பணத்தையும் கடனில் கொட்டிவிட்டு, அடுத்த மாத லித்தியம் பரிசோதனைக்கு மறுபடி ஆப்பில் கடன் வாங்குவதுதான் இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு கடன் முடிந்ததும் நிலுவை இல்லைச் சான்று, நகை, வெற்றுச் செக், புரோநோட் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி, கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டு டிக் போடுங்கள்.